மலைக்கு மறுநடவு உண்டா?

சுற்றுலா என்றதும் நம் குடும்பங்களின் நினைவுக்கு வருவன கேமரன் மலையும் பினாங்குக் கடற்கரையும்தாம். பஸ் பேசி, கட்டுச்சோறு கட்டி, இரண்டு நாள் லீவு எடுத்து, கையிருப்பையும் கரைத்துவிட்டு வீடு திரும்புகிறோம். அதை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் நம் காலடியிலேயே, இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, 40 கோடி ஆண்டு வயதுள்ள காட்சிகள் இருக்கின்றன. ரயில் கட்டணமும் ஒரு போத்தல் தண்ணீரும் இருந்தால் போதும். காலையில் புறப்பட்டு, பார்த்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து உலை வைத்துவிடலாம்.

அப்படி என்ன காட்சி என்று கேட்கிறீர்களா? பழைய ஈயச் சுரங்கங்கள், கல் உடைத்த குவாரிகள், செங்கல்லுக்கு மண் வெட்டிய களங்கள், வெட்டுப்படாமல் தப்பித்த மலைகள்! "பள்ளத்தையும் பாறையையும் பார்க்கவா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவது?" என்று சிலர் சிரிக்கலாம். கோலாலம்பூர் என்ற பெருநகரம் எதனால் உண்டாயிற்று என்ற கேள்விக்கு விடை அந்தப் பள்ளங்களில்தான் கிடைக்கிறது. தோட்டப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? சுபாங் ஜெயாவிலிருந்து கிளம்பி ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள்.

தோட்டத்திலிருந்து நகரம்

இன்று அடுக்குமாடிகளும் பேரங்காடிகளும் நெருக்கியடித்து நிற்கும் சுபாங் ஜெயா, ஒரு காலத்தில் சீபீல்டு ரப்பர் தோட்டம். விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு, பால்வாளியோடு நிரைக்குப் போன நம்மவர்கள் நடந்த மண் அது. 1976-ஆம் ஆண்டில் இங்கே புது நகர் அமைக்கும் வேலை தொடங்கியது. பால்மரங்கள் விழுந்தன; லயங்கள் போயின; வீதிகள் வந்தன. 2020-இல் சுபாங் ஜெயா மாநகர் என்னும் தகுதியையும் பெற்றுவிட்டது. தோட்டம் மறைந்தாலும், 'சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்னும் பெயரில் அந்தப் பழைய நினைவு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தோட்டத்து மக்களாகிய நமக்கு நிலம் என்றால் மேல் மண்தான். அதில் மரம் நடுவோம், உரம் போடுவோம், களை எடுப்போம். மரம் கிழடு தட்டினால் வெட்டிவிட்டு மறுநடவு செய்வோம். ஆனால் சீபீல்டு தோட்டத்துக்குப் பக்கத்து நிலத்திலே வேறு விதமான வேலை நடந்தது. அங்கே மேல் மண்ணை ஒதுக்கித் தள்ளிவிட்டு, அடியில் இருப்பதை அள்ளினார்கள்.

பள்ளத்துக்குள் ஒரு பூங்கா

அந்தப் பக்கத்து நிலம்தான் இன்றைய பண்டார் சன்வே. செத்தியா ஜெயா ரயில் நிலையத்திலோ, யு.எஸ்.ஜே. 7 எல்.ஆர்.டி. நிலையத்திலோ இறங்கி, 2015-இல் ஓடத் தொடங்கிய பி.ஆர்.டி. பஸ்ஸில் ஏறினால் சில நிமிடங்களில் போய்விடலாம். சுங்கை வே என்னும் ஊர்ப் பெயரைச் சுருக்கித்தான் 'சன்வே' என்றார்கள். 1974-இல் இங்கே ஈயச் சுரங்கத் தொழிலோடு தொடங்கிய ஒரு நிறுவனம், பிறகு கல் குவாரித் தொழிலிலும் இறங்கியது. ஈயம் எடுத்து முடிந்ததும் எஞ்சியது, செடிகொடி முளைக்காத மணல்மேடும் பெரும் பள்ளமும்தான்.

அந்தப் பள்ளத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? மூடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அதற்குள்ளேயே நீர் விளையாட்டுப் பூங்காவை அமைத்துவிட்டார்கள்! பேரங்காடிப் பக்கம் நின்று எட்டிப் பாருங்கள். பூங்கா நமக்குக் கீழே, ஆழத்தில் கிடக்கும். உள்ளே போய் விளையாடக் கட்டணம் உண்டு. நம் போன்ற குடும்பங்களுக்கு அது கொஞ்சம் கனமானதுதான். மேலிருந்து பார்க்கக் காசு வேண்டியதில்லை. பிள்ளைகளிடம், "இந்தப் பள்ளம் யார் தோண்டியது? இங்கிருந்த மண்ணெல்லாம் எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் நம் பயணம் தொடங்குகிறது.

அரிசி அரிப்பதுபோல

இங்கே ஈயம் என்று நாம் சொல்வது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு முலாம் பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பு செய்வதும் இதில்தான். கருத்துக் கனத்திருக்கும் காரீயம் வேறு. அது உடம்புக்கு நஞ்சு. உணவு அடைக்கும் டின்கள் துருப்பிடிக்காதிருக்க இரும்புத் தகட்டின் மேல் பூசப்படுவதும் வெள்ளீயம்தான். 'டின்' என்ற பெயரே அதனால் வந்ததுதான்!

இந்த ஈயம் இங்கே எப்படி வந்தது? 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி கடலடியில் கிடந்தது. கடலில் வாழ்ந்த சிப்பி, பவளம் முதலிய உயிர்களின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிச் சுண்ணாம்புக் கல் ஆயின. பிறகு, ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், பூமியின் அடியாழத்திலிருந்து உருகிய பாறைக்குழம்பு மேலெழும்பி வந்து, வெளியே வராமலே உள்ளுக்குள் மெல்ல ஆறிக் கருங்கல்லாக உறைந்தது. தித்திவாங்சா மலைத்தொடரின் உடம்பு இந்தக் கருங்கல்தான். அது ஆறும்போது கிளம்பிய சூடான நீரோடு ஈயமும் வந்து பாறை வெடிப்புகளில் தங்கியது.

மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அந்த மலைகளைத் தேய்த்தன. கரைந்த மண்ணை ஆறுகள் பள்ளத்தாக்குக்கு அடித்துக்கொண்டு வந்தன. நம் வீட்டுப் பெண்கள் அரிசி அரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் அலசி அலசிச் சாய்க்கும்போது அரிசி போய்விடும். கனமான கல் அடியில் தங்கிவிடும். ஆறும் அதைத்தான் செய்தது. ஈயத் தாது சாதாரண மணலைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. எனவே மணல் ஓடிவிட, ஈயம் அடியில் படிந்தது. அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறையோ மேடும் குழியுமானது. அந்தக் குழிகளில் ஈயம் வசமாகச் சிக்கிக்கொண்டது. கிள்ளான் பள்ளத்தாக்கு ஈயத்தால் செழித்ததன் இரகசியம் இதுதான்!

1857-ஆம் ஆண்டில், கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளான் ஆற்றின் வழியே மேலே அனுப்பினார். இரண்டு ஆறுகள் கூடும் சேற்று முகத்தில் இறங்கி, காட்டு வழியே அம்பாங் சென்று அவர்கள் ஈயம் தேடினார்கள். ஒரு மாதத்தில் காய்ச்சலுக்குத் தப்பி உயிரோடு இருந்தவர்கள் 18 பேர் மட்டுமே! அந்தச் சேற்று முகம்தான் கோலாலம்பூர். இரட்டைக் கோபுரத்தைப் பார்த்து வாய் பிளக்கும்போது, அந்த 87 பேரையும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஏரி என்று நினைத்தால்...

அடுத்து, செர்டாங். சுபாங் ஜெயாவிலிருந்து ரயிலேறி, கே.எல். சென்ட்ரலில் மாறி, சிரம்பான் பக்கம் போகும் ரயிலில் செர்டாங் நிலையத்தில் இறங்குங்கள். எதிரே 'மைன்ஸ்' பேரங்காடியும் அதையொட்டிய பெரிய ஏரியும் தெரியும். 'மைன்ஸ்' என்றால் சுரங்கம்! உலகத்திலேயே மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றிருந்த ஹோங் பாட் சுரங்கம் இருந்த இடம் இது. இன்று தண்ணீர் தளும்ப அழகாகக் கிடக்கிறது.

சுரங்கம் என்றதும் இருட்டுக் குகையை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மேலே திறந்த பெரும் குழி. பீரங்கிபோல் தண்ணீரைப் பீய்ச்சி மண்சுவரைக் கரைப்பார்கள். சேறாகி ஓடிவரும் அந்தக் குழம்பைப் பம்பு வைத்து உயரத்துக்கு ஏற்றி, மரத்தால் கட்டிய நீண்ட சாய்வு வாய்க்காலில் ஓடவிடுவார்கள். அதற்குப் 'பாலோங்' என்று பெயர். ஓடும்போது ஈயம் தடுப்புகளில் தங்கும். மணல் வழிந்து வெளியேறும். ஈரமான தாழ்நிலங்களில் வாளி வாளியாகச் சேற்றை அள்ளும் மிதவை எந்திரங்கள் வேலை செய்தன. 1938-இல் கட்டப்பட்ட அத்தகைய எந்திரம் ஒன்றைப் பேராவிலுள்ள தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனால் தவறாமல் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு கட்டடமே தண்ணீரில் மிதப்பதுபோல இருக்கும்.

உலகச் சந்தையில் ஈய விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றம் 1985 அக்டோபரில் கையிருப்புப் பணமின்றி நொடித்துப் போயிற்று. விலை தலைகுப்புற விழுந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உலகத்துக்கே ஈயம் கொடுத்த நாட்டில் மிஞ்சியவை ஈயக் குட்டைகள்.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. அழகுபடுத்திய ஏரிகளைப் பார்த்துவிட்டு, எல்லா ஈயக் குட்டைகளும் இப்படித்தான் என்று பிள்ளைகள் எண்ணிவிடக் கூடாது. ஆறு, குளம் என்றால் கரையிலிருந்து ஆழம் மெல்ல மெல்ல இறங்கும். ஈயக் குட்டை அப்படியில்லை. வெட்டிய குழியாதலால் இரண்டடி தள்ளினால் திடீரென்று பாதாளம். கரையில் படிந்திருக்கும் வழவழப்பான சேறு காலை உள்ளே இழுக்கும். தூண்டில் போடப் போன பையன்கள் திரும்பி வராத செய்தியை எத்தனை முறை நாளிதழில் படித்திருக்கிறோம்! வேலியில்லாத குட்டைக்குப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள். இதை ஆசிரியராக அல்ல, ஒரு தாயாகவே கேட்டுக்கொள்கிறேன்.

செங்கல் களம்

திரும்பும் வழியில் கே.எல். சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே பிரிக்பீல்ட்ஸ். மல்லிகைப்பூவும் மசாலை மணமும் சேலைக் கடையும் நமக்குத் தெரியும். பெயருக்கு என்ன பொருள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? செங்கல் களம் என்பதுதான் பொருள்!

கோலாலம்பூர் அன்று அத்தாப்புக் கூரையும் மரப்பலகையுமாக இருந்த ஊர். 1881 ஜனவரியில் பெரும் தீ. அதே ஆண்டு டிசம்பரில் பெரும் வெள்ளம். ஊர் அழிந்தது. இனிமேல் செங்கல்லாலும் ஓட்டாலும்தான் கட்ட வேண்டும் என்று, 1882-இல் சிலாங்கூருக்கு ஆங்கிலேய அதிகாரியாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம் வற்புறுத்தினார். சீனர் தலைவர் யாப் ஆ லோய் இந்தப் பகுதியில் செங்கல் சூளைத் தொழிலுக்கு வழி செய்தார். இங்கே கிடைத்த நல்ல களிமண் செங்கல்லாகி நகரமெங்கும் போய் ஏறியது. அந்தக் காலத்துச் செங்கல் கட்டடங்களுக்கு எல்லாம் மகுடம் போன்றது, மணிக்கூண்டோடு 1897-இல் கட்டி முடித்த சுல்தான் அப்துல் சமாட் கட்டடம்.

மண் வெட்டிய களத்தின்மேல் பிறகு ரயில்வே வந்தது. ரயில்வே வேலைக்கென்று வந்த தமிழ்நாட்டுத் தமிழரும் யாழ்ப்பாணத் தமிழரும் இங்கே குடியேறினார்கள், கோயில்கள் எழும்பின. பிரிக்பீல்ட்ஸ் ஒரு பழைய களிமண் குழி என்பதற்கு இன்று அடையாளம் எதுவும் மிஞ்சவில்லை, பெயரைத் தவிர. பிள்ளைகளோடு அந்தத் தெருவில் நடக்கும்போது பெயரைப் பிரித்துக் காட்டுங்கள். ஊர்ப் பெயர்களுக்குள் சரித்திரம் ஒளிந்திருக்கிறது என்பதை அவர்கள் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

பத்துமலையை வலம் வந்தால்

கே.எல். சென்ட்ரலிலிருந்து பத்துமலைக்கு நேரே ரயில் போகிறது. தைப்பூசத்துக்கு நாம் போகாத ஆண்டு உண்டா? 272 படிகளையும் 2006-இல் திறந்துவைத்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலையையும் நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் கூட்டமில்லாத ஒரு நாளில், மலையை மலையாகப் பார்க்கவென்றே ஒரு முறை போய்வாருங்கள்.

முன்னே சொன்ன 40 கோடி ஆண்டுச் சுண்ணாம்புக் கல் இங்கேதான் தரைக்கு மேலே தலைகாட்டி நிற்கிறது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கும் இந்த மலைக்கும் ஒரே குலம் எனலாம். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய புளிப்பாகிறது. அந்தப் புளிப்புக்குச் சுண்ணாம்புக் கல் கரையும். சொட்டுச் சொட்டாகக் கரைத்துக் கரைத்தே இத்தனை பெரிய குகைகளை மழை குடைந்திருக்கிறது. கரைந்த சுண்ணாம்பு கூரையிலிருந்து சொட்டும்போது மறுபடி இறுகி, ஆலம் விழுதுபோலத் தொங்குகிறது. கோயில் குகைக்குள் அண்ணாந்து பார்த்தால் அந்தக் கல் விழுதுகளைக் காணலாம். பக்கத்திலுள்ள இருட்டுக் குகையில், 1923-இல் அறிஞர்கள் பெயரிட்ட ஒரு வகைப் பழமையான சிலந்தி வாழ்கிறது. மண்ணில் மூடி போட்ட வளை கட்டிக்கொள்ளும் அபூர்வப் பிறவி. அந்தக் குகை சில ஆண்டுகளாக மூடப்பட்டிருப்பதால், விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இந்தக் குகையில் 1890-களின் தொடக்கத்தில் முருகன் வழிபாட்டைத் தொடங்கி வைத்தவர் தம்புசாமிப் பிள்ளை. 1892-இலிருந்து தைப்பூசம் நடக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவர் ஈயச் சுரங்கத் தொழிலும் செய்தவர்! லோக் இயூ என்னும் சீனச் செல்வருடன் சேர்ந்து ரவாங்கில் சுரங்கம் நடத்தி, 1894-இல் அங்கே மின்சாரத்தைக் கொண்டு எந்திரங்களை ஓட்டினார். இந்த நாட்டில் மின்சாரம் கால் வைத்த கதை அந்த ரவாங் ஈயச் சுரங்கத்தில்தான் தொடங்குகிறது. குகையில் வேலை நட்ட தமிழரும், மின்சாரம் கொண்டுவந்த தமிழரும் ஒருவரே என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி அல்லவா?

இப்போது மலையைச் சுற்றி வாருங்கள். முன்பக்கம் கண்ட பச்சை மறைந்து, கத்தியால் கேக் வெட்டியதுபோல் செங்குத்தாகச் செதுக்கிய பாறை முகங்களைக் காண்பீர்கள். அவை குவாரித் தழும்புகள். சாலைக்கும் கட்டடத்துக்கும் கல் வேண்டி, இந்த மலையைப் பல காலம் வெடி வைத்து உடைத்தார்கள். மலையைக் காக்க வேண்டும் என்று பலரும் குரல் கொடுத்த பிறகு, 1980 வாக்கில்தான் அது நின்றது. நின்றிராவிட்டால் இன்னும் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று எண்ணவே அச்சமாக இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் பத்துமலைப் பக்கம் கல்லுடைக்கும் வேலை பார்த்தவர். வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதும், சிவப்புக் கொடி ஏறும், எல்லோரும் ஓடிப் பதுங்குவார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வார். ஒரு பையன், "தாத்தா, சாமி மலையை உடைக்கலாமா?" என்று கேட்டுவிட்டான். வகுப்பே அமைதியாகிவிட்டது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, அந்தக் கூலியிலதான் என் அஞ்சு புள்ளைகளும் சாப்பிட்டுச்சு. அதே கையாலதான் வருசா வருசம் காவடியும் எடுத்தேன். புள்ளைக்கு என்னான்னு சொல்றது?" என்றார்.

அவரைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? நாம் நடக்கும் சாலையிலும் குடியிருக்கும் வீட்டிலும் ஏதோ ஒரு மலையின் கல் இருக்கத்தான் செய்கிறது. கருங்கல் குவாரிகள் சிலாங்கூரில் இன்றும் வேலை செய்கின்றன. கல்லே எடுக்கக் கூடாது என்று சொல்வது நடக்காத காரியம். எந்த மலையில் எடுப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று கேட்டு முடிவு செய்யலாம். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை வளர்ப்பது நம் கையில் இருக்கிறது.

நகரத்தின் அடியில்

பத்துமலையில் தலைகாட்டும் அதே சுண்ணாம்புக் கல், கோலாலம்பூர் நகரத்தின் அடியிலும் பரவிக் கிடக்கிறது. அங்கேயும் குகை, குழி, கூர்முனை எல்லாம் உண்டு. மண் மூடியிருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரட்டைக் கோபுரம் கட்டத் தொடங்கியபோது, அடியிலுள்ள பாறை ஒரே சீராக இல்லை என்று கண்டு, கட்டடத்தையே ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளி வைத்தார்கள். அடித்தளத் தூண்கள் 100 மீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போயிருக்கின்றன. 40 கோடி ஆண்டுக்கு முன் படிந்த சிப்பி ஓடு, இன்றைய எந்திரப் பொறியாளருக்கும் ஆணையிடுகிறது பாருங்கள்!

வெள்ளைக்கல் சுவர்

பத்துமலையிலிருந்து எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலை வழியாகத் தாமான் மெலாவத்தி, மிருகக்காட்சிசாலைப் பக்கம் போனால், வானத்தின் விளிம்பில் ரம்பப் பல்போல ஒரு மலைமுகடு நீண்டு தெரியும். இதுதான் கிள்ளான் கேட்ஸ் முகடு. புக்கிட் தாபூர் என்றும் சொல்வார்கள். பிள்ளைகள் இரண்டை உரசித் தீப்பொறி பார்ப்பார்களே, அந்த வெள்ளைக்கல்லால் ஆன இயற்கைச் சுவர் இது. 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளம்! உலகில் இவ்வகைச் சுவர்களில் மிக நீளமானவற்றுள் இது ஒன்று.

கருங்கல்லில் ஏற்பட்ட நீண்ட வெடிப்பில், சூடான நீர் கொண்டுவந்த வெள்ளைக்கல் சத்து நிரம்பி இறுகியது. காலப்போக்கில் இருபுறமும் இருந்த கருங்கல் மழையில் தேய்ந்து மண்ணாயிற்று. வெள்ளைக்கல் மிகக் கடினமானதால் தேயவில்லை. ஈறு தேய்ந்து பல் மட்டும் எழும்பி நிற்பதுபோல் அது நிற்கிறது. வேறெங்கும் வளராத சில செடிகள் இந்த முகட்டில் மட்டும் வளர்கின்றன. 2017-இல் உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கான மலேசியாவின் உத்தேசப் பட்டியலில் இது இடம் பெற்றது. முகடு ஆற்றுக்கு வழிவிடும் இடத்தில், 1958-இல் கட்டி முடித்த அணைக்கட்டு இருக்கிறது. கோலாலம்பூரின் தண்ணீர்க் குழாய்க்கு அதுவும் ஒரு தாய்.

ஏறிப் பார்க்க ஆசை வரும். ஆனால் பிள்ளைகளோடு ஏற வேண்டாம். கத்தி முனைபோன்ற பாதை. விழுந்து இறந்தவர்களும் உண்டு. பெரியவர்களே ஆனாலும் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. கீழிருந்து பார்ப்பதே கண்கொள்ளாக் காட்சி.

சுரங்க மண்ணில் எழுந்த காடு

கடைசியாக, கெப்போங். மனம் நிறைந்து வீடு திரும்ப வேண்டுமென்றுதான் இதைக் கடைசியில் வைத்தேன். இங்கேயுள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தின் காட்டுக்குள் நுழைந்தால், ஆதிகாலத்துக் காடு என்றே சத்தியம் செய்வீர்கள். அண்ணாந்தால் வானம் தெரியாத மரங்கள். கப்பூர் மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பது, வானத்தில் கோலம் போட்டதுபோல் இருக்கும்.

ஆனால் இது ஆதிகாலத்துக் காடு அன்று! 1920-களில் இந்த நிலம் ஈயம் தோண்டிப் பாழாக்கிய பொட்டல். மண்ணில் சத்து இல்லை, நிழல் இல்லை. அங்கேதான் வனத்துறையினர் ஒவ்வொரு கன்றாக நட்டார்கள். நூறாண்டுக்குள் அது காடாகிவிட்டது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மனிதன் கெடுத்த நிலத்தை மனிதனே திருத்த முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நட்டவர்களில் பலர் இந்த நிழலில் நின்றிருக்க மாட்டார்கள். மரம் வளர அவ்வளவு காலம் ஆகும். தோட்டத்து மக்களுக்கு இது புதிதன்று. நாம் மறுநடவு செய்யும் மரத்தில் நமக்குப் பின்னால் வருபவர்களும் பால் எடுப்பார்கள். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கெப்போங்கில் திரும்பி வந்தது காடு. பத்துமலையில் வெடித்தெடுத்த பக்கம் எத்தனை நூறாண்டு காத்திருந்தாலும் திரும்ப வளரப் போவதில்லை. மரத்துக்கு மறுநடவு உண்டு, மலைக்கு இல்லை.

புறப்படும் முன்

இத்தனையையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். சன்வேயும் செர்டாங்கும் ஒரு நாள், பிரிக்பீல்ட்ஸும் பத்துமலையும் ஒரு நாள், மெலாவத்தியும் கெப்போங்கும் ஒரு நாள் என்று மூன்று பள்ளி விடுமுறைகளுக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். தொப்பி, குடை, தண்ணீர், நல்ல காலணி அவசியம். பத்துமலைக் குரங்குகளிடம் சாப்பாட்டுப் பையைக் காட்டிவிடாதீர்கள்!

பிள்ளைகள் கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பார்த்த கல்லின் நிறம், ஊர்ப் பெயரின் பொருள், கேட்ட கதை ஆகியவற்றை எழுதி வரட்டும். பாறையைப் பெயர்த்துக்கொண்டு வர வேண்டாம். தரையில் கிடக்கும் ஒரு சிறு கல்லைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

வீடு திரும்பியதும் இன்னொரு வேலை இருக்கிறது. உங்கள் தோட்டத்திலும் கம்பத்திலும் குவாரியில், ஈயச் சுரங்கத்தில், ரயில்வேயில், சாலை வேலையில் உழைத்த தாத்தா பாட்டிமார் இன்னும் சிலராவது இருப்பார்கள். அவர்களிடம் பிள்ளைகளை உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்: எங்கே வேலை செய்தீர்கள், என்ன கூலி, எந்த மலையின் கல் எந்தச் சாலைக்குப் போயிற்று? கல்லில் எழுதியதைப் படிக்க இன்னும் கோடி ஆண்டு நேரம் இருக்கிறது. அவர்கள் வாயிலிருந்து கேட்க நமக்கு இருப்பது சில ஆண்டுகளே. வருகிற விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.